சோப்புப் பெட்டி பஸ்

ஈரோட்டில் ஒரு மழலையர் பள்ளி. அங்கே ஆயா வேலை பார்த்தவர் செல்வக்கனி. அவர் மகள் இதழினியும் அங்கேதான் யுகேஜி படித்தாள். கண்காட்சிக்காகப் பிள்ளைகள் ஆளுக்கொரு வண்டியை வீட்டிலிருந்து செய்து வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதழினி சோப்புப் பெட்டியில் ஒரு பஸ் செய்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது.

பெற்றோர் சங்கத் தலைவர் தணிகாசலம் கண்காட்சியைப் பார்வையிட வந்தார். அவர் மகன் கவினேஷின் தெர்மாகோல் ரயில், விளக்கெல்லாம் எரிய, நடுமேஜையில் நின்றது.

"இந்தக் குப்பையை எடுத்துடும்மா. விருந்தாளிங்க வர்ற நேரம்," என்றார் செல்வக்கனியிடம் பஸ்ஸைக் காட்டி. இதழினியின் முகம் வாடிவிட்டது.

"எடுத்துடறேன் சார்," என்றார் செல்வக்கனி பணிவாக. "அதுக்கு முன்னாடி என் பொண்ணும் உங்க பையனும் அவங்கவங்க வண்டியை ஒரு தடவை ஓட்டிக் காட்டட்டும். டீச்சரும் பார்க்கட்டும்."

தலைவருக்கு அதில் பெருமைதான். தலையாட்டினார்.

இதழினி பஸ்ஸைத் தள்ளினாள். ஒரு சக்கரம் கழன்று உருண்டது. அவளே ஓடிப்போய் எடுத்து, குச்சியில் மாட்டி, மறுபடி ஓட்டினாள்.

கவினேஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "தொட்டா அப்பா திட்டுவாரு. நான் பசை தடவப் போனப்பவே, போய் டிவி பாருன்னு சொல்லிட்டாரு."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தலைவர் செல்வக்கனி பக்கம் திரும்பினார். "நீங்க எவ்வளவும்மா செஞ்சீங்க?"

"கத்திங்கிறதால அட்டையை நான் வெட்டிக் கொடுத்தேன் சார். மத்ததெல்லாம் அவதான்."

பஸ் மேஜையிலேயே இருந்தது.

அடுத்த மாதம் காகிதக் கடிகாரம் செய்யச் சொன்னார்கள். கவினேஷின் கடிகாரத்தில் ஏழு திரும்பி நின்றது. ஒன்பதைக் காணவே இல்லை. தணிகாசலம் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்: "நான் தொடவே இல்லைங்க."