உமரி ஏன் வாய் திறப்பதில்லை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. அதிலும் உப்பளக் கரையில் நின்ற உமரிச் செடிக்கு வாய் கொஞ்சம் நீளம். அகலமான பச்சை இலைகளை ஆட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுக்கும். உப்பு மட்டும் அதற்கு ஆகாது.

அப்போதுதான் கப்பலில் வந்த துரை உப்பளத்தைச் சுற்றி வேலி போட்டான். “கடலும் என்னுது, காயுற வெயிலும் என்னுது. உப்பு வேணும்னா என்கிட்ட வாங்கு” என்றான். ஊர் கூடியது. கோயில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் ஒரே முடிவுக்கு வந்தன: துரை மேல் கை ஓங்குவதில்லை, அவன் உப்பை நாக்கில் வைப்பதுமில்லை. தினமும் வேலிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அடி விழுந்தது. மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள்.

துரை பழம் தின்று கொட்டை போட்டவன். நோன்பு மாதம் பிறந்ததும் பள்ளிவாசலுக்கு மட்டும் ஒரு மூட்டை உப்பு அனுப்பினான், நோன்புக் கஞ்சிக்காம். அங்கே கஞ்சி காய்ச்சுகிறவள் சுலைகா. புருசனை இழந்தவள், பல்கீசு என்று ஒரே மகள்.

“போட்டுக் காய்ச்சு மயினி,” என்றாள் பக்கத்துத் தெரு உச்சினி. “பச்சப்புள்ள நாக்கு செத்துக் கெடக்கு. நாங்க ஆரும் தப்பா நெனைக்க மாட்டோம்.”

“ஏட்டி, ஓம் புருசன் கால ஒடிச்சுப் போட்டவன் அந்தத் துரை. அவன் உப்பத் தின்னுட்டு ஓம் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த ஊர் அது. மூட்டையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள் சுலைகா. அன்று அவளுக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பல்கீசுக்குப் பேதி கண்டது. உடம்புத் தண்ணீரெல்லாம் வற்றி, கை கால் இழுத்தது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணிதான் மருந்து என்றார் வைத்தியர். எந்த வீட்டிலும் ஒரு கல் உப்பு இல்லை. உச்சினி தன் பழைய உப்புச் சட்டியைக் கழுவி அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். எத்தனையோ முறை கழுவிய சட்டி, அதில் என்ன இருக்கும்?

சுலைகா உமரியிடம் ஓடினாள். “ஒன் வேரு வேலிக்கு அடியில போவுது. அத எவன் தடுப்பான்? ஒரு வாய் உறிஞ்சித் தா தாயி. எம்புள்ள போயிரும்.”

உமரி தன் இலைகளைப் பார்த்துக்கொண்டது. “உப்பக் குடிச்சா எல எல்லாம் சுருங்கிப் போயிருமே. நாளைக்குப் பாப்போம்” என்றது.

பொழுது சாய்வதற்குள் பல்கீசு போய்விட்டாள். இரண்டு தெரு ஆண்களும் தோள் மாற்றித் தோள் கொடுத்தார்கள். உச்சினியின் புருசன் கம்பை ஊன்றிக்கொண்டு, அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும் நொண்டி நொண்டிப் போனான்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. மறுநாள் நோன்பு திறக்கும் நேரத்துக்கு உச்சினிதான் கஞ்சி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் சுலைகாவின் முகம் மாறியது.

“இது ஆரு உப்பு? வாங்கிட்டியா நீ? எம்புள்ள மண்ணுக்குள்ள போன பொறவா வாங்குன?”

உச்சினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சத்தியமா உப்பே போடல மயினி. வேற கீர கெடைக்கல, உமரியத்தான் கிள்ளிப் போட்டேன்.”

சுலைகா கரைக்கு ஓடினாள். நேற்றுவரை அகலமாக ஆடிய இலைகள் சுருங்கிச் சிறுத்து உருண்டு கிடந்தன. தண்டெல்லாம் சிவந்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு வேலிக்கு அடியில் வேரை விட்டுக் குடித்திருக்கிறது, பாவி.

“நேத்தே குடிச்சிருக்கலாம்லா?” என்று கேட்டாள். உமரி பேசவில்லை. செடியைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கேட்டாள். அப்போதும் பேசவில்லை.

வேலி அங்கேயேதான் நின்றது. அடுத்த நாள் அதன் முன்னால் ஊர் போய் உட்கார்ந்தபோது சுலைகாவும் உட்கார்ந்தாள், மடியில் பிள்ளை இல்லாமல். அன்றிலிருந்துதான் உமரி உடம்பெல்லாம் உப்பாக, தண்டு சிவந்து, கரையோரம் நிற்கிறது. யார் வந்து கிள்ளினாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.