காலணாவில் ஒரு பெருவிரல்

"ஏன் டீச்சர், முன்னே இருந்த தரமும் போயிடுச்சே?" என்று கேட்டார் அருணகிரி.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. அவருக்கு நாணயம் பார்க்கக் கற்றுக்கொடுத்த மெஹருன்னிஸா, அவரைவிட இருபது வயது இளையவர். திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு மாடி அறையில் பழைய காசுகளுக்குத் தரம் பார்த்துச் சீட்டு எழுதித் தருபவர். ஏழு வருடமாக ஞாயிறுதோறும் அருணகிரி அவர் முன்னால் வந்து உட்காருகிறார்.

மேஜைமேல் அவருடைய காலணா கிடந்தது. 1835ஆம் வருடத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. யார் கையிலும் புழங்காதது.

மூன்று வருடம் முன்பு அதற்கு, 'நல்ல தரம். முகப்பில் விரல் ரேகை' என்று மெஹருன்னிஸா எழுதியிருந்தார்.

இன்று எழுதியது: 'தேய்க்கப்பட்டது. தரம் கிடையாது.'

"ரேகை இருக்குன்னுதானே அப்பக் குறைச்சீங்க? இப்ப ரேகையே இல்லையே. கண்காட்சிக்கு வைக்கணும்னு எலுமிச்சம்பழமும் சமையல் சோடாவும் போட்டு எடுத்துட்டேன்."

மெஹருன்னிஸா காசை ஓரத்தில் பிடித்துத் திருப்பினார்.

"யார் விரல் சார் அது?"

"சௌந்தரத்தோடது."

மெஹருன்னிஸா நிமிர்ந்தார். சௌந்தரம் அருணகிரியின் மனைவி. தை மாதம்தான் இறந்துபோனார். துக்கம் கேட்க மெஹருன்னிஸாவும் போயிருந்தார்.

"வாங்கின அன்னிக்கே, வெங்காயம் உரிச்ச கையோட எடுத்துப் பார்த்துட்டா. அழகா இருக்குங்கன்னா. நான் சத்தம் போட்டேன். ஆறு மாசம் கழிச்சு ரேகை பழுப்பா எழும்பிச்சு. கூப்பிட்டுக் காட்டினேன். பாரு, உன் லட்சணம் இதுல எழுதியிருக்குன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பார்த்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா."

மெஹருன்னிஸா லென்ஸை அவரிடம் நீட்டினார்.

"பாருங்க."

அருணகிரி குனிந்து பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"கீறல்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

வெகுநேரம் கண்ணைவிட்டு லென்ஸை எடுக்கவில்லை.

"திரும்பக் கொண்டுவர வழி இருக்கா டீச்சர்? கந்தகப் புகை காட்டி நிறம் ஏத்துவாங்களே..."

"நிறம் ஏத்தலாம் சார். விரலுக்கு யாரைக் கூப்பிடுவீங்க?"

கீழே தெருவில் யாரோ எவரையோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

"வீட்ல அறுநூறு காசுக்கு மேல இருக்கு," என்றார் அருணகிரி. "நான் வீட்ல இல்லாதப்ப வேற எதையாவது எடுத்துப் பார்த்திருப்பா. பார்க்காமலா இருந்திருப்பா?"

மெஹருன்னிஸா, யாருக்கும் இரவல் தராத அந்த லென்ஸை உறையில் போட்டு அருணகிரியின் சட்டைப் பையில் வைத்தார்.

வீட்டில் அருணகிரி ஜன்னலோரம் பெட்டிகளை இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளி, நிக்கல், செம்பு. ஒவ்வொன்றாகப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று, அவர் ஆசைப்பட்டபடியே இருந்தன.

மூன்றாம் நாள் ஓர் அரையணாவில் மங்கலாகக் கோடுகள் வளைந்து ஓடின. ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், நடுவே பணிமனை இயந்திரம் வெட்டிய தழும்பு தெரிந்தது. தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் கடைசிப் பெட்டியும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்து லென்ஸை மேஜைமேல் வைத்தார்.

"கிடைச்சுதா சார்?"

"ஒண்ணு கிடைச்சுது. என்னோடது."

"அவங்களோடது?"

இல்லையென்று தலையசைத்தார்.

"அறுநூறுல ஒண்ணுகூடவா இல்லை?"

"தொடாதேன்னு சொல்லியிருந்தேன் டீச்சர்," என்றார் அருணகிரி. "தொடவே இல்லை."