சேற்றில் சொன்ன கதை

ஒரு மருத மரம். அதன் அடியில் ஒரு குளம். மழை தொடங்கும்போது அங்கே ஒரு நாரை வரும். அதன் பெயர் நெடுங்காலி. தினமும் சாயங்காலம் மரக்கிளையில் நின்று கதை சொல்லும்.

என்ன கதை தெரியுமா? விண்வெளிக் கதை! ‘வெள்ளிமுட்டை’ என்று ஒரு கப்பல். அதற்குத் தளபதி மின்கொம்பன் என்கிற மான். இரண்டு சூரியன் உதிக்கிற உலகத்தைத் தேடி அந்தக் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். காடே அந்தக் கதைக்குப் பைத்தியம். கப்பலுக்கு ஏழு சன்னலா எட்டுச் சன்னலா என்று சண்டை போட்டுக்கொண்டு இரண்டு முயல்கள் மூன்று மாதம் பேசாமல் இருந்தன!

கோடையில் குளம் வற்றும். கடமான், மயில், முயல் எல்லாம் ஆற்றுப் பக்கம் போய்விடும். அவ்வளவு தூரம் நடக்க முடியாத மூஞ்சூறும் தவளையும் மட்டும் அங்கேயே கிடக்கும். நாரை சேற்றில் மீன் பொறுக்கிக்கொண்டே அந்த இரண்டுக்கும் கதையைத் தொடர்ந்து சொல்லும். கோடைக் கடைசியில் பறந்துபோய், அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

ஒரு வருஷம் மழை பிடித்து ஒரு மாதம் ஆகியும் நாரை வரவில்லை. கதை கேட்காமல் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. “நாமே முறை வெச்சுப் பழைய கதையைச் சொல்லிக்குவோம்” என்று எல்லாம் கூடி முடிவு செய்தன.

மிளகி என்கிற மூஞ்சூறின் முறை வந்தது. அது உற்சாகமாக ஆரம்பித்தது. “கப்பல்ல ஒரு மெக்கானிக் இருந்தா. பேரு கடுகு. அவளும் ஒரு மூஞ்சூறுதான்…”

“நிறுத்து!” என்று கத்தியது கடமான் பெருங்கொம்பன். “வெள்ளிமுட்டையில மூஞ்சூறா? யார் சொன்னது?”

“நாரைதான் சொல்லுச்சு ஐயா. கோடையில, சேத்துல நின்னுக்கிட்டு.”

“நான் கேக்கலையே!”

“நீங்க ஊர்ல இல்லையே!”

பெருங்கொம்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுநாளே ‘மெய்க்கதைக் குழு’ என்று ஒன்றைக் கூட்டியது. தலைவர் அதுவே. செயலாளர் மயில். இரண்டும் கூடிப் பேசி ஒரு விதி போட்டன. நாரை கிளையில் நின்று சொன்னது மட்டுமே மெய்க்கதை. சேற்றில் நின்று சொன்னது செல்லாது.

அன்று சாயங்காலம் மிளகியின் மகள் தினை அழுதுகொண்டே வளைக்கு ஓடி வந்தது. மயில் குஞ்சுகள் கப்பல் விளையாட்டு விளையாடியிருக்கின்றன. தினை எப்போதும்போல் கடுகு வேஷம் போடப் போயிருக்கிறது. “உங்க ஆளு கப்பல்லயே கிடையாதாம், போ!” என்று விரட்டிவிட்டன.

“அம்மா, கடுகு பொய்யா?” என்று கேட்டது தினை.

மிளகி விருட்டென்று எழுந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே மரத்தடிக்குப் போய் நின்றது. குழு உட்கார்ந்திருந்தது. காடே சுற்றி நின்றது.

“ஐயா, போன மழைக்கதை எதோட முடிஞ்சுது?” என்று கேட்டது மிளகி.

“கல்லு மோதி, கப்பல்ல ஓட்டை விழுந்ததோட” என்றது பெருங்கொம்பன்.

“அதுக்கு முந்தின வருஷமும் இதே மாதிரிதான் ஒரு ஓட்டை விழுந்துச்சே, அடுத்த மழைக்கு என்ன ஆச்சு?”

“கப்பல் ஜம்முனு பறந்துச்சு.”

“அப்போ நடுவுல ஓட்டையை அடைச்சது யாரு? உங்க பாட்டனா?”

பெருங்கொம்பன் மயிலைப் பார்த்தது. மயில் தன் தோகையைப் பார்த்துக்கொண்டது.

“அது… தானா அடைஞ்சிருக்கும்!” என்றது பெருங்கொம்பன்.

தவளை விழுந்து விழுந்து சிரித்தது. “ஓட்டை தானா அடையுமா! எங்க குளத்தங்கரைக்கும் அந்த வித்தையைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்!”

“வாயை மூடு!” என்று காலை உதைத்தது பெருங்கொம்பன். “மிளகி, கடுகுன்னு யாரும் கிடையாதுன்னு உன் வாயால சொல்லு. சொல்லலேன்னா நீயும் உன் பொண்ணும் இனிமே மரத்தடிக்கே வரக்கூடாது!”

“சொல்ல மாட்டேன்!” என்றது மிளகி.

அந்த நேரம் பார்த்து மேலே சிறகடிக்கும் சத்தம் கேட்டது. நெடுங்காலி வந்துவிட்டது! வழியில் புயலில் மாட்டிக்கொண்டதாம். இளைத்துப்போய்க் கிளையில் உட்கார்ந்தது.

“நல்ல நேரத்துல வந்தீங்க!” என்று துள்ளியது பெருங்கொம்பன். “நீங்களே சொல்லுங்க. கதையில கடுகுன்னு ஒரு மூஞ்சூறு உண்டா?”

நாரை கழுத்தைச் சாய்த்து யோசித்தது. “கடுகா? ஞாபகம் இல்லையேப்பா. எத்தனை குளம், எத்தனை கதை!”

“பார்த்தியா!” என்று கொக்கரித்தது பெருங்கொம்பன். தினை அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தது.

மிளகி அசையவில்லை. நிமிர்ந்து நாரையையே பார்த்தது.

“நீங்க மறந்துட்டீங்க. மறந்துட்டுப் போங்க! நான் மறக்கல. இவளுக்குத் தாலாட்டாச் சொன்ன கதை அது. யார் இல்லைன்னு சொன்னாலும் சொல்லுவேன். நீங்களே சொன்னாலும் சரி!”

மகளை இழுத்துக்கொண்டு குளக்கரைச் சேற்றில் போய் நின்று, உரக்கச் சொல்ல ஆரம்பித்தது. கப்பலில் காற்று கசிகிறது. தளபதிக்கு மூச்சு முட்டுகிறது. ஓட்டை இருப்பதோ ஒரு குறுகலான குழாய்க்குள். யாராலும் நுழைய முடியவில்லை. கடுகு தேன்மெழுகை வாயில் கவ்விக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறாள். குழாய் இருட்டு. மெழுகு உறைகிறது. அந்தப் பக்கம் ஏதோ சுரண்டுகிற சத்தம்…

மிளகி மூச்சு வாங்க நிறுத்தியது. ஒரு குட்டிமுயல் மெல்ல நகர்ந்து சேற்றுக்கு வந்தது. பின்னால் அதன் தாய் வந்தது. மயில் குஞ்சுகள் வந்தன.

கிளையில் இருந்த நாரை பறந்து வந்து சேற்றில் இறங்கியது. மிளகியின் முன்னால் கழுத்தை நீட்டிக் கேட்டது.

“அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?”

“குழு இன்னும் ஒத்துக்கல! குழு இன்னும் ஒத்துக்கல!” என்று மரத்தடியில் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது பெருங்கொம்பன்.

“உக்காருங்க, சொல்றேன்” என்றது மிளகி.

கதையை மறக்காமல் காப்பாற்றுகிறவர்களுக்கே கதை சொந்தம். அதற்கு யாரும் முத்திரை குத்தித் தரவேண்டியதில்லை.