ஆடிச் சீருக்கு என்ன விலை?

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைச் சூரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் குணம் ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒருத்தன் கழுத்தில் மாலை போடுவான், மத்தியானம் அதே கழுத்தை வாங்கிவிடுவேன் என்பான். ராணி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, ஒரே மகள் செண்பகவல்லிக்குத் தானே சோறு பிசைந்து, உருண்டை பிடித்துக் கையில் வைத்து வளர்த்தான்.

அவளை ஆற்றுக்கு அக்கரை நாட்டில் கட்டிக்கொடுத்தான். அந்த வருஷமே மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் அப்படியே. கஜானாவில் பாதி காலி! ராஜாவைப் பயம் பிடித்துக்கொண்டது. எதைக் கேட்டாலும், "இல்லை, கையில் இல்லை" என்பதே பேச்சாகிப் போச்சு.

ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்து அடி என்பார்கள். இங்கே மாமியார் இல்லை, மாமனாரோ ராஜா. யார் அடிப்பது?

ஆடி பிறந்தால், "மகளை அழைக்கலாமா?" என்று ராஜா ஏக்கத்தோடு கேட்பான். கஜானா அதிகாரி தாண்டவராயர் உதட்டைப் பிதுக்குவார். "நூறு வண்டிச் சீர் இல்லாமல் அழைத்தால் ஊர் சிரிக்காதா, மகாராஜா?"

தலைப்பிரசவத்துக்கும் அழைக்கவில்லை. பேத்தி பிறந்த சேதி வந்தது. தங்கக் கொலுசு இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்று ராஜா போகவே இல்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே மகள் உட்காரும் பலகை காலியாகக் கிடப்பதைப் பார்ப்பான். பாதிச் சோற்றில் எழுந்துவிடுவான்.

மூன்றாவது ஆடி வந்தது. மந்திரி திருமேனியாருக்குப் பொறுக்கவில்லை. "இந்தத் தடவை அழைத்துவிடுவோம், மகாராஜா. சீர் என் பொறுப்பு. கஜானாவைத் தொடமாட்டேன்."

மந்திரி நாற்காலிமேல் தாண்டவராயருக்கு ரொம்ப நாளாய் ஒரு கண். "எந்தச் சீரையும் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்பவன் நான். அற்பச் சீர் என்றால் பதவியை விட்டுவிடுகிறீரா?"

ராஜாவுக்குக் கிறுக்கு ஏறியது. "அப்படியே ஆகட்டும்! மந்திரியாரே, இவர் விலை சொல்ல முடியாத சீர் கொண்டுவாரும். சொல்லிவிட்டால் பதவி அவருக்கு. மகளை அழைக்கிற பேச்சும் இனி வேண்டாம்!"

மறுநாள் மந்திரி சபைக்கு ஒரு மண்சட்டியோடு வந்தார். உள்ளே தயிர் விட்ட சோறு. சபை கொல்லென்று சிரித்தது.

"ஒரு காசு!" என்றார் தாண்டவராயர். "சட்டிக்கு வேண்டுமானால் அரைக்காசு."

"பொறும் ஐயா, சீர் இன்னும் தயாராகவில்லை. மகாராஜா, ஓர் உருண்டை பிடியுங்கள்."

ராஜா முறைத்தான். ஆனாலும் கையை விட்டுப் பிசைந்தான். பழைய பழக்கம், குழந்தை உள்ளங்கைக்கு அடங்குகிற மாதிரி சின்ன உருண்டை. பிடித்த கையோடு முன்னால் நீட்டினான். வாங்கத்தான் ஆளில்லை.

"வல்லி..." என்றான்.

"இப்போது சொல்லும் விலையை" என்றார் மந்திரி.

"சோறு சோறுதானே? அதே ஒரு காசு!"

மந்திரி தன் பணப்பையை அவர் கையில் வைத்தார். "நூறு காசு இருக்கிறது. விலை என்றால், கொடுத்தால் பொருள் கிடைக்க வேண்டும். தகப்பன் கையால் பிடித்த உருண்டை இளவரசிக்கு ஒன்று வேண்டும். எந்தக் கடையில் கிடைக்குமோ, வாங்கி வாரும்."

தாண்டவராயர் பணப்பையை மந்திரியிடமே திருப்பி நீட்டினார்.

"பஞ்சம் நிஜம்தான், மகாராஜா. ஆனால் அது கஜானாவைத்தானே தொட்டது? உங்கள் கையைத் தொடவில்லையே!"

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கினான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "வண்டியைப் பூட்டுங்கள்! தாண்டவராயரே, சீர்ச்சட்டியை நீர் தூக்கும்!"

வறண்ட ஆற்று மணலில் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தாண்டவராயர் முன்னால் நடந்தார். ஊர் சிரித்தது, ராஜாவைப் பார்த்து இல்லை. அதே பஞ்சத்தில், எதிரே வண்டி வண்டியாய்ப் பெண்கள் தாய்வீடு வந்துகொண்டிருந்தார்கள். விசாரித்தால், அவர்களை அழைக்கப் போன தகப்பன்மார் கொண்டுபோன சீர் ஆளுக்கொரு கட்டு முருங்கைக்கீரை. ராஜாவுக்கு வெட்கமாகிப் போச்சு.

செண்பகவல்லி வாசலிலேயே நின்றிருந்தாள். "மூணு ஆடியா இந்தப் பாதையையே பாத்துக்கிட்டிருந்தேனேப்பா. ஏன் வரல?"

"சீர் சேரலை, தாயி."

"நான் சீரையா கேட்டேன்?" என்று அழுதுவிட்டாள்.

ராஜா சட்டியில் கையை விட்டு உருண்டை பிடித்து நீட்டினான். அவள் கை நீட்டுவதற்குள், அவள் புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு பிஞ்சுக் கை வந்தது. அவன் பார்த்தே இராத பேத்தி. உருண்டை அந்த உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது. தின்றுவிட்டு மறுபடி கையை நீட்டினாள்.

இல்லை இல்லை என்றே பழகிய ராஜா மறுபடி சட்டியில் கையை விட்டான்.

"இருக்கு கண்ணு," என்றான். "இன்னும் நிறைய இருக்கு."