ஓங்கி அடித்தும் மாறாத ஒலி

நாவல் குளத்தின் கரையில் இரண்டு மருத மரங்கள் நின்றன. அவற்றுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரு காட்டுக்கொடி. குளக்கரை விலங்குகளுக்கு அதுதான் அபாய மணி!

கொடி 'தொம்ம்' என்று தாழ்ந்து ஒலித்தால் வெள்ளம் வருகிறது. எல்லோரும் மொட்டைப் பாறைமேல் ஏற வேண்டும். 'டிண்' என்று கீச்சென ஒலித்தால் கழுகு வருகிறது. எல்லோரும் வளைக்குள் ஓட வேண்டும். மாற்றி ஓடினால் உயிர் போய்விடும்.

இந்தக் காவல் வேலையை ஓர் உடும்பு பார்த்து வந்தது. வாலால் கொடியை அடிக்கும். சத்தம் கொஞ்சம் சின்னதுதான். ஆனால் ஒரு நாளும் தப்பியதில்லை.

கரடிக்கு அந்த வேலைமேல் ஒரு கண். வாயாலேயே வடை சுடுகிற ஆசாமி அது!

"உடும்பக்கா, உன் வாலடி எறும்பு காதுக்காவது கேக்குமா? நான் அடிச்சா அந்த மலை வரைக்கும் கேக்கும்!"

"கேக்கும் தம்பி. ஆனா எந்த ஒலியை எப்படி வரவைக்கணும்னு தெரியணுமே!"

"இதென்ன பெரிய வித்தையா? வெள்ளத்துக்கு மெல்ல அடி, கழுகுக்கு ஓங்கி அடி. அவ்வளவுதானே!"

"ஐயோ, அப்படி இல்ல! கழுகுக்குக் கொடியோட நடுவில..."

"போதும், போதும்!" என்று கரடி மார்தட்டியது. முயல்களும் எலிகளும் மூஞ்சூறு அம்மாவும் ஆகா ஓகோ என்றன. பெரிய சத்தம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அன்றே காவல் கரடியிடம் போனது. உடும்பு பக்கத்துப் புற்றுமேல் வெயில் காயப் போனது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில், வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கழுகு!

கரடி இரண்டு கையாலும் ஓங்கி அடித்தது. "தொம்ம்ம்!"

"வெள்ளம்! வாலைப் பிடிங்க!" என்று அலறினாள் மூஞ்சூறு அம்மா. ஒரு குட்டியின் வாலை அடுத்த குட்டி கவ்விக்கொள்ள, ஐந்து குட்டிகளும் வரிசையாக அம்மா பின்னால் ஓடின. எங்கே? ஒளிய ஒரு புல்கூட இல்லாத மொட்டைப் பாறைக்கு! முயல்களும் எலிகளும் முண்டியடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறின.

"கழுகு, கழுகு! கீழ ஓடுங்க!" என்று கரடி கத்தியது. ஆனால் அது அடித்த அடியில் அதன் கத்தலே யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தது. "தொம்ம்ம்ம்!" கொடி முன்னைவிட அகலமாக ஆடியது. ஆனால் முன்னைவிட வேகமாக ஆடவில்லை. சத்தம் கூடியதே தவிர, அதே தாழ்ந்த ஒலிதான்!

மேலிருந்து பார்த்த கழுகுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட! இலை போட்டுப் பரிமாறியே வச்சிருக்காங்களே!" என்று சிறகை மடக்கிப் பாய்ந்தது.

உடும்பு ஓடியது, மரத்தில் தாவியது, கொடிமேல் நகர்ந்தது. சரியாக நடுவில் நாலு காலாலும் இறுக்கிப் பிடித்தது. உடும்புப் பிடி என்றால் சும்மாவா!

"இப்ப அடி!"

"ஓங்கியா அக்கா?"

"ஒத்தை விரலால தட்டு, போதும்!"

கரடி ஒற்றை விரலால் தட்டியது. பாதிக் கொடி கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில் அதிர்ந்தது. "டிண்!"

"கழுகுடா! குதிங்க!" என்று மூஞ்சூறு அம்மா கீழே குதித்துப் பாறையடி இடுக்குக்குள் பாய்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவது குட்டியும் உள்ளே! கழுகின் நகத்தில் சிக்கியது நாலு முடிதான். முயல்களும் எலிகளும் அதற்குள் வளைகளில் மறைந்துவிட்டன.

கழுகு போன பிறகு கரடி தலைகுனிந்து நின்றது. "என் முழு பலத்துக்கும் வராத ஒலி, ஒத்தை விரலுக்கு எப்படி அக்கா வந்துச்சு?"

"நீளக் கொடி நிதானமா அதிரும், ஒலி தாழ்ந்து வரும். நடுவில பிடிச்சா கொடி பாதியாகும். படபடன்னு அதிரும், ஒலி கீச்சுன்னு வரும். நீ ஓங்கி அடிச்சா சத்தந்தான் பெருசாகும் தம்பி!"

மூஞ்சூறு அம்மா குட்டிகளை மறுபடி மறுபடி எண்ணினாள். அவளுக்குக் கரடியைவிடத் தன்மேல்தான் கோபம் வந்தது. "பெரிய சத்தத்தை நம்பி என் பிள்ளைங்களையே பலி குடுக்கப் பார்த்தேனே!" என்று அழுதாள்.

உரக்க முழங்குகிறவரை நம்பும் முன், அவருக்கு வேலை தெரியுமா என்று பார்க்க வேண்டும்.