இசக்கிக்கு வராத குரல்

"சிஸ்டர், நான் வேலையை விட்டுடறேன்."

சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மரகதவல்லி சிஸ்டர் நிமிரவில்லை. அவர் நிமிர வேண்டுமானால் வார்டில் யாராவது விழ வேண்டும்.

"எதுக்கு?"

"எனக்கு இந்த வேலை வரலை."

சுகிர்தா வேலைக்குச் சேர்ந்து வாங்கிய வெள்ளை யூனிஃபார்மில் கடைக்காரன் மடித்த மடிப்பு இன்னும் போகவில்லை. அதற்குள் இந்தப் பேச்சு.

"காலையில வாசல் பெட் தாத்தா இறந்துட்டாரு."

"தெரியும்."

"அதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என்ன ஊசி தாயீ இது'ன்னு கேட்டாரு."

"நீ சரியான ஊசிதான போட்ட?"

"சரியாத்தான் போட்டேன்."

"பிறகென்ன?"

"பதில் சொல்லலை. வாயே திறக்கலை சிஸ்டர். போட்டுட்டு வந்துட்டேன். திரும்பிப் போறதுக்குள்ள அவரு இல்லை."

சிஸ்டர் சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

"காலேஜ்ல பேசுவியா?"

"நல்லாப் பேசுவேன். பொம்மைகிட்ட."

நர்சிங் காலேஜில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். மாணவிகள் வைத்த பெயர் ராஜப்பன். பரீட்சை அன்று ராஜப்பன் அருகே போய், "வணக்கம் ஐயா. என் பெயர் சுகிர்தா. இப்போது உங்களுக்கு ஊசி போடப் போகிறேன். சற்று வலிக்கும்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் மார்க். சுகிர்தாதான் எப்போதும் முதல்.

ராஜப்பன் ஒருநாளும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. செத்ததும் இல்லை.

"ஜன்னல் பெட்ல ஒரு பய இருக்கான்லா?" என்றார் சிஸ்டர்.

"இசக்கிமுத்து."

"அவனை உன் குரல்ல பேசச் சொல்லு. பேசிட்டான்னா நீ போவலாம். மேட்ரன்கிட்ட நானே சொல்லுதேன்."

"இது என்ன சிஸ்டர் கண்டிஷன்?"

சிஸ்டர் மறுபடி சிரிஞ்சை எடுத்துவிட்டார். இனி நிமிர மாட்டார்.

*

இசக்கிமுத்துவுக்குப் பதினேழு வயது. இருதயத்தில் வால்வு கெட்டுப்போய், ஆபரேஷனுக்காகக் காத்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். அதனால் தலையணைகளை அடுக்கி, மகாராஜா போல இரவும் பகலும் உட்கார்ந்தே இருப்பான்.

உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் வார்டையே ஆண்டான்.

டாக்டர் குரலில் சமையலறை ஆளிடம், "ஜன்னல் பெட்டுக்கு மட்டும் உப்புப் போட்ட கஞ்சி குடுங்கப்பா" என்று உத்தரவு போட்டிருக்கிறான். மரகதவல்லி சிஸ்டர் குரலில், "பாக்க வந்தவங்க எல்லாம் வெளிய" என்று ஒரு சத்தம் போட்டு, தூக்குவாளிகளோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் படியிறங்கி ஓடியதை ஜன்னல் வழியாக ரசித்திருக்கிறான். கஞ்சி கொண்டுவரும் தள்ளுவண்டியின் நொண்டிச் சக்கரம்கூட அவன் தொண்டையில் இருந்தது.

"என் குரல்ல பேசு" என்றாள் சுகிர்தா.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் கையுறை இழுபடும் சத்தம் வந்தது. பிறகு மருந்துக் குப்பியின் கழுத்து ஒடிந்தது. டிக். சிரிஞ்சை விரலால் சுண்டும் சத்தம். டப், டப். பிறகு செருப்பு விலகிப் போனது. சரக், சரக், சரக்.

கண்ணைத் திறந்தான்.

"இதான் நீங்க."

"இதுல என் குரல் எங்க இருக்கு?"

"அதத்தான் நானும் தேடுதேன் யக்கா. நீங்க வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. குத்துனது மட்டும் தெரியும்."

*

மறுநாள் அவள் தயாராக வந்தாள்.

"வணக்கம் தம்பி. என் பெயர் சுகிர்தா. இப்போது உங்களுக்கு ஊசி போடப் போகிறேன். சற்று வலிக்கும்."

"ம்க்கும்" என்று செருமினான் இசக்கி. பிறகு அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னான்.

அது அவள் குரல் இல்லை. காலேஜில் பாடம் எடுத்த ஹெலன் மிஸ்ஸின் குரல். அவன் பார்த்தே இராத ஹெலன் மிஸ், அந்தச் செருமல் உட்பட.

"நான் எங்க செருமினேன்?"

"'வணக்க'த்துக்கு முன்னால. இது யாரோ டீச்சர்லா? கண்ணாடி போட்டிருப்பாவ."

போட்டிருப்பார்.

அடுத்த நாள் வேறு விதமாக முயன்றாள்.

"ஏலேய், அசையாத. கையை நீட்டு."

"பெரிய சிஸ்டர்" என்றான் உடனே. "அதுவும் மட்டமான காப்பி. நான் செய்யுதேன் பாருங்க."

செய்தான். பக்கத்துப் படுக்கைக்காரர் தூக்கத்திலேயே கையை நீட்டினார்.

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இசக்கியும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலமாகும்வரை போனது.

மூச்சு திரும்பியதும் அவன் சொன்னான்.

"சீக்கிரம் பேசுங்க யக்கா. எனக்குக் காத்து பத்தல."

*

இசக்கிக்குக் காய்ச்சல் வந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. தள்ளிப்போன ஆபரேஷனைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

ஒவ்வொரு குரலாக அவனை விட்டுப் போயிற்று. டாக்டர் முதலில் போனார். அந்தக் கனத்த குரலுக்கு மூச்சு நிறைய வேண்டும். பிறகு தள்ளுவண்டி போனது. மரகதவல்லி சிஸ்டர் மட்டும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தார்.

கடைசியில் இசக்கியின் சொந்தக் குரல் மட்டும் மிஞ்சியது. அதுவும் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று வந்தது.

சுகிர்தா ஊசியோடு வருவாள், போடுவாள், போவாள். கையுறை, டிக், டப் டப், சரக் சரக். அவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

*

ஒரு மத்தியானம். வெந்நீர் வாங்கிவர அவன் அம்மா ஃபிளாஸ்கோடு கேண்டீனுக்குப் போயிருந்தாள். டாக்டர் வந்து பார்த்தார். மருந்தைக் கூட்டினார். சிஸ்டரைத் தள்ளி அழைத்துப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

இசக்கி அதைப் பார்த்துவிட்டான்.

சுகிர்தா அருகே போனதும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விரலால் கீழே இறக்கினான்.

"யக்கா."

அவள் குனிந்தாள்.

"முடியப் போவுதா?"

அவள் நாக்கில் ஹெலன் மிஸ் வந்து நின்றார். செருமினார். "டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் தம்பி."

அவரைத் தள்ளிக்கொண்டு மரகதவல்லி சிஸ்டர் வந்தார். "பேசாம இருல."

சுகிர்தா இருவரையும் விழுங்கினாள். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. செருப்பு மட்டும் இருந்தது. சரக், சரக் என்று விலகிப் போக அது தயாராக இருந்தது.

இசக்கி பார்த்துக்கொண்டே இருந்தான். வாசல் படுக்கைத் தாத்தாவும் இப்படித்தான் பார்த்தார்.

நோயாளியின் கட்டிலில் நர்ஸ் உட்காரக் கூடாது. காலேஜில் அதற்கு மார்க்கைக் குறைப்பார்கள். சுகிர்தா உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"ஆமா மக்கா" என்றாள்.

தக்கலையில், அவள் வீட்டு அடுக்களையில் பேசுகிற பேச்சு அது. ஊர்ப் பேச்சை ஊரிலேயே வை என்று ஹெலன் மிஸ் சொன்ன அன்று மூட்டை கட்டிப் போட்டது.

"அப்படித்தான் தெரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் எங்கயும் போவமாட்டேன். ஒனக்க அம்ம வாறது வரைக்கும் கையை விடமாட்டேன். மருந்து போடுதேன், மூச்சு கொஞ்சம் லேசாவும். நீ என்னையப் பாத்துக்கிட்டே இரு."

குரல் உடைந்து, நடுங்கி, நடுவில் ஒருமுறை கீச்சென்று போனது. பரீட்சையாக இருந்தால் ஃபெயில்.

இசக்கியின் புருவம் உயர்ந்தது. தேடிக்கொண்டிருந்தது கிடைத்தவன் முகம்.

இருந்த காற்றையெல்லாம் சேர்த்து வைத்தான். உதடு பிரிந்தது.

"எங்கயும்... போவமாட்டேன்... மக்கா."

அதே நடுக்கம். நடுவில் அதே கீச்.

சுகிர்தா தன் குரலை வெளியிலிருந்து முதல்முறை கேட்டாள்.

அம்மா ஃபிளாஸ்கோடு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த நர்ஸைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு மகனின் மறு கையைப் பிடித்தாள்.

கஞ்சி வண்டி நொண்டிக்கொண்டே வார்டுக்குள் வந்தபோது, அதைப்போல் சத்தமிட ஜன்னல் பக்கம் யாரும் இல்லை.

*

அம்மாவை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு வந்து, சிஸ்டர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்.

"செஞ்சானா?"

"செஞ்சான் சிஸ்டர்."

"எப்படி இருந்துச்சு?"

"அப்படியே இருந்துச்சு."

"அப்போ நீ போவலாம். மேட்ரன்கிட்ட சொல்லிருதேன்."

சுகிர்தா எழுந்தாள். திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

பேசின் தண்ணீரும் துணியுமாக அவள் திரும்பி வந்தபோது சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

சுகிர்தா துணியை நனைத்துப் பிழிந்தாள். தலையணைகளில் சாய்ந்திருந்தவன் பக்கமாகக் குனிந்தாள்.

"இசக்கி, மொகத்தத் தொடைக்கப் போறேன் மக்கா. தண்ணி கொஞ்சம் குளுரும்."