திரை செத்த கேமரா

"டீச்சர், மூணு வருஷமா என் வீட்டுக்காரி ஒரு படத்துலயும் நிக்க மாட்டேங்கிறா" என்றார் சோணைமுத்து.

டீச்சருக்கு வயது முப்பது. சிஷ்யருக்கு அறுபத்தொன்று. குரு என்றால் தாடி இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஷாகிரா மதுரையில் பழைய கேமராக்களை வாங்கி விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையிலேயே படம் எடுக்கச் சொல்லித் தருகிறாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சோணைமுத்து ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

என்ன விஷயம் என்று அவள் கேட்டதுதான் தாமதம், மனுஷன் கொட்டித் தீர்த்துவிட்டார்.

மூன்று வருடம் முன்பு மனைவி பஞ்சவர்ணத்துக்கு முகவாதம் வந்தது. வைத்தியத்தில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. வாய் மட்டும் இடப்பக்கம் சற்றே கோணிக்கொண்டது. போனில் படம் எடுத்தால் உடனே பிடுங்குவாள். இரண்டு விரலால் விரித்து, வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். அழித்துவிடுவாள்.

"நாளைக்கே எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்த மூணு வருஷத்துக்கு ஒரு படம் இருக்காது டீச்சர்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறதாம், முகத்தில் உள்ள கோணலைக்கூட அதுவே சரிபண்ணிவிடுமாம், அதை வாங்கிவிடலாமா என்று கேட்டார்.

ஷாகிரா அடித்தட்டிலிருந்து சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

பதினேழு வருடப் பழசு. கல்லூரிப் பிள்ளைகள் இப்போது இந்த மாதிரிக் கேமராக்களைத்தான் கடை கடையாகத் தேடி அலைகிறார்கள். இதில் முகம் முகமாகவே விழுகிறதாம். ஆனால் அந்தப் பிள்ளைகளும் வேண்டாம் என்று விட்டுப்போனது இது.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் முதலில் வெள்ளைச் சுவரைப் படம் எடுப்பார்கள். அதைப் பெரிதாக்கி, உள்ளே தூசிப் புள்ளி இருக்கிறதா என்று தேடுவார்கள். சோணைமுத்துவுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே ஷாகிராதான். அவரும் பக்குவமாகச் சுவரை எடுத்துவிட்டுக் கேமராவைத் திருப்பினார்.

பின்பக்கத் திரை கறுப்பாக இருந்தது. எந்தப் பொத்தானை அமுக்கியும் அது விழிக்கவில்லை.

"திரை செத்துக் கிடக்கே டீச்சர். புள்ளி இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?"

"வீட்டுல சுவரையா எடுக்கப்போறீங்கண்ணே?"

எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா என்றார் அவர். அடுத்த ஞாயிறு மெமரி கார்டைக் கொண்டு வாருங்கள், கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுகிறேன் என்றாள்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அது உங்க வேலை இல்ல." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான் என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார் சோணைமுத்து.

மறுநாள் காலை பஞ்சவர்ணம் அடுக்களையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கேமராவோடு வருவதைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையை நீட்டினாள். கொடுத்தார். திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

இதில் எடுத்ததை என்னாலேயே பார்க்க முடியாது என்றார் அவர்.

"நல்லாத்தான் உங்க டீச்சர் தலையில கட்டியிருக்கா" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெங்காயத்துக்குப் போனாள்.

சோணைமுத்து கேமராத் திரைக்கு மேலே, பார்த்து எடுக்க இருந்த சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்தார். உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு பஞ்சவர்ணம். ஜன்னல் வெளிச்சம், முறம், நரைத்த முன்தலை. மூக்கு எது, வாய் எது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. அவள் நிமிரட்டும் என்று காத்திருந்தார்.

நிமிர்ந்தாள். அவரையே பார்த்தாள்.

அவர் துவாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன சும்மா நிக்கிறீங்க? சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு, வாய மூடிக்கிட்டுச் சிரின்னு மூணு வருஷமாச் சொல்றீங்களே, அது."

சோணைமுத்து துவாரத்திலிருந்து கண்ணை எடுத்து, வெறுங்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"இன்னைக்குச் சொல்லலையா?"

"இல்லத்தா."

"அப்ப எடுங்க" என்றாள் பஞ்சவர்ணம், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே.